படம் நன்றாக இருக்கிறது, பாதம் எப்படி இருக்கிறது?

இரண்டு இதழ்களுக்கு முன் வயதானவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் "நல்ல ஏஜென்சி பெயர் ஒன்று சொல்லுங்கள் சிஸ்டர்" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். போன மாதம் நன்றாக இருந்த இடம் இந்த மாதம் நல்ல ஆட்கள் இரண்டு பேர் கிளம்பியதும் வேறு இடமாகிவிடும், சின்ன ஏஜென்சி என்றால் அப்படித்தான். பெயருக்குப் பதிலாக எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். மிச்சக் கடிதங்களில் இருந்து ஐந்து.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 78 வயது, ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது, வாக்கர் வைத்து நடப்பார். சுகருக்கு மாத்திரை, கொஞ்சம் மறதியும் உண்டு. கணவன் மனைவி நடத்தும் சின்ன ஏஜென்சி, மொத்தமே பதினைந்து பேர்தான் வேலை செய்கிறார்கள். 24 மணி நேரமும் தங்கிப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டருக்கு மாதம் 27,000 ரூபாய் கட்டுகிறேன், ஐந்து மாதம் ஆகிறது. தினமும் காலையில் அம்மா படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு மாமி "உங்கம்மா ரொம்ப இளைச்சுட்டா" என்கிறார். ஆபீஸ் பழக்கத்தில் 22 கேள்விகளோடு ஒரு எக்செல் ஷீட் தயார் செய்து இணைத்திருக்கிறேன். இதை வைத்து மார்க் போட்டால் போதுமா?
— வாசகர், பெங்களூரு

பதில்: எக்செல் ஷீட்டைப் பார்த்தேன், சிரிக்கவில்லை, சத்தியமாக. ஆனால் அந்த 22-இல் பதினேழு கேள்விகளுக்கு ஏஜென்சிக்காரர் போனிலேயே "ஆமாம் சார்" என்று முடித்துவிடலாம். ஊழியர்களுக்குப் பயிற்சி உண்டா? ஆமாம் சார். மாத்திரை நேரத்துக்குக் கொடுக்கிறீர்களா? கொடுக்கிறோம் சார். பேப்பர் முழுக்க டிக் விழுந்திருக்கும், அம்மா இளைத்துக்கொண்டே இருப்பார்.

ஹோட்டலில் தோசை தீய்ந்தால் சாப்பிடுகிறவர்தான் காசும் கொடுக்கிறவர், அங்கேயே சத்தம் போட்டுவிடுவார். இங்கே காசு உங்களுடையது, பணிவிடை அம்மாவுக்கு. அதனால் எந்த ஏஜென்சியும், நல்ல மனசு உள்ள ஏஜென்சியும்தான், போகப் போக யாரைத் திருப்திப்படுத்தினால் பில் வசூலாகுமோ அவரைத் திருப்திப்படுத்தக் கற்றுக்கொள்ளும். காலை எட்டு மணிக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, சிரிக்கச் சொல்லி எடுத்த படம் உங்களுக்கானது. அன்றைக்கு மிச்சம் இருக்கும் மணி நேரமெல்லாம் அம்மாவுக்கானது, அதில் என்ன நடந்தது என்பது படத்தில் வராது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு அருகதை இருக்கிறது, ஏனென்றால் நானே ஏமாந்தவள். 34 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாமியார் மதுரையில் படுக்கையாக இருந்தபோது எனக்கு டியூட்டி வேறு ஊரில், ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்திருந்தோம். தினமும் படம் வரும், விபூதி பளிச்சென்று இருக்கும், பெட்ஷீட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. அந்தப் பெண் தினமும் எழுதிவைக்கும் நோட்டிலும் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு மே மாதம் சொல்லாமல் போய் நின்றேன். மாமியார் காலில் சாக்ஸ். மதுரையில், மே மாதத்தில், சாக்ஸ்! கழற்றினால் இரண்டு குதிகாலிலும் கறுப்பாகப் படுக்கைப் புண், கால் ரூபாய் நாணயம் அளவுக்கு. அந்தப் பெண் கெட்டவள் இல்லை. முதலில் நிறம் மாறியபோது பயந்துபோய் மறைத்திருக்கிறாள், ஏஜென்சியில் சொன்னால் சம்பளம் பிடிப்பார்கள் என்று. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று. வார்டில் முந்நூறு குதிகால் பார்த்தவள் வீட்டில் இருக்கும் இரண்டைப் பார்க்கத் தவறினேன்.

அரசாங்கம் தரம் பார்த்து வைத்திருக்காதா என்று உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த மசோதாவில், வீட்டுக்கு வந்து பராமரிக்கும் ஏஜென்சிகளும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் என்று ஒன்று இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. அது சட்டமாகாமலே அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. ஆக, இன்ஸ்பெக்டர் வருவார் என்று காத்திருக்காதீர்கள், உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்.

எனவே சாயந்திரம் திருச்சி வழியாகப் போகும் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். விடியற்காலையில் திருச்சியில் இறங்கிவிடலாம், ஆறு மணிக்குள் வீட்டு வாசலில் நிற்கலாம். யாரிடமும் சொல்லாதீர்கள், அம்மாவிடமும்தான், அவர் சந்தோஷத்தில் சொல்லிவிடுவார்.

உள்ளே போனதும் முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். மூத்திர வாடையும் அடிக்கக் கூடாது, அதை அமுக்க அடித்த ஃபினாயில் வாடையும் தூக்கலாக இருக்கக் கூடாது. அப்புறம் அம்மா கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, அவரால் அந்தச் செம்பைத் தூக்க முடியுமா? நாக்கு வறண்டிருக்கிறதா? ராத்திரி அடிக்கடி எழுப்பக் கூடாது என்று சாயந்திரத்தில் இருந்தே தண்ணீர் கொடுக்காத ஆட்கள் உண்டு, இது நிறைய வீடுகளில் நடக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. வாக்கர் எங்கே இருக்கிறது? கட்டில் பக்கத்திலா, கதவுக்குப் பின்னாலா? அதன் கீழே இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா? தேய்ந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், நடக்கிறார் என்று அர்த்தம், புதிது வாங்கி மாட்டுங்கள். ஐந்து மாதமாகியும் புத்தம் புதிதாக இருந்தால்தான் கவலை.

இந்த நடை விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவைப் போல இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனவர்களை நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து கொடுப்பது பார்க்க ராஜமரியாதை மாதிரி இருக்கும். ஆள் வைத்திருப்பவருக்கும் திருப்தி, பார்த்துக்கொள்பவருக்கும் சுலபம், விழுந்துவிடுவாரோ என்ற பயமும் இல்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரையும், கரைந்தால் எழுந்திருக்க முடியாது, பிறகு கட்டில்தான். நல்ல அட்டெண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மாவையே செய்ய விடுவார். தலையை அவரே வாரட்டும், கத்தரிக்காயை அவரே நறுக்கட்டும், பத்து நிமிடம் ஆகட்டுமே. ஐந்து மாதத்துக்கு முன் அம்மாவால் முடியாத ஏதாவது ஒன்று இன்றைக்கு முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் 22 கேள்விகளில் இது இல்லை.

மாமி சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு எடை பார்க்கும் மெஷின் வாங்கி வையுங்கள், மாதம் ஒரு தடவை, ஒரே தேதியில், காபிக்கு முன்னால். 55 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டே முக்கால் கிலோ குறைந்தாலோ, ஆறு மாதத்தில் ஐந்தரை கிலோ குறைந்தாலோ அது வயதால் வந்த இளைப்பு என்று விட்டுவிடக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும். சாப்பாடு சரியில்லையா, பல்செட் லூஸா, சுகர் ஏறியிருக்கிறதா, மனசு சரியில்லையா, எதுவாகவும் இருக்கலாம். உங்கள் ஏஜென்சி தானாகவே எடை எடுத்து எழுதியிருந்தால் அவர்களுக்கு ஒரு சபாஷ்.

படுக்கைப் புண்ணுக்குப் பின்முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், இவற்றைப் பார்க்க வேண்டும். மகன் நீங்கள் பார்க்கக் கூச்சமாக இருந்தால் மாமியைக் குளிக்கும் நேரத்தில் கூட இருக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் "சிவந்து இருக்கும்" என்று எழுதியிருப்பார்கள், நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, நீலம் பாய்ந்த மாதிரியோ, தொட்டால் சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் அதுதான் ஆரம்பம்.

நோட்டுக்கு வருகிறேன். தினமும் எழுதின நோட்டு அழுக்காக இருக்கும். பேனா மாறும், காபிக் கறை இருக்கும், ஒரு நாள் "சாதம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, மோர் மட்டும்" என்று இருக்கும். உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு வாரத்துக்கு நிரப்பின நோட்டு அழகாக இருக்கும், ஒரே மசி, ஒரே சாய்வு, தினமும் பிபி 120/80. எனக்கே தினமும் 120/80 இருக்காது, 78 வயதுக்காரருக்கு இருக்குமா? இன்னொரு வழி இருக்கிறது, கொஞ்சம் போலீஸ் புத்திதான், பரவாயில்லை. வீட்டில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தால் அதற்குள்ளேயே பழைய ரீடிங் எல்லாம் இருக்கும், தேதி நேரம் சரியாக வைத்திருந்தால் எப்போது எடுத்தது என்பதும் காட்டும். அதையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் அட்டெண்டர் பெண்ணிடம் சான்றிதழ் கேட்பதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஏதோ உளர்ற மாதிரி இருந்தா என்னம்மா செய்வே?" சுகர் இறங்கியிருக்கலாம் என்று உடனே மெஷினை எடுக்க வேண்டும், 70-க்குக் கீழே என்றால், விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். இதை அவர் தன் வார்த்தையில் சொன்னால் ஏஜென்சி சொல்லிக் கொடுத்திருக்கிறது. "மேடத்துக்குப் போன் பண்ணுவேன்" என்று மட்டும் சொன்னால், மேடம் இரண்டு மணிக்கு எடுப்பாரா என்று பார்த்துவிடுங்கள்.

உண்மையாகவே பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஏஜென்சிக்குப் போன் போடுங்கள். சின்ன ஏஜென்சியின் பலமும் பலவீனமும் இந்த ஒரு போன்தான். நடத்துகிறவருக்கு ஒவ்வொரு பாட்டியின் பெயரும் தெரியும், எந்தக் காது மந்தம் என்று தெரியும், பெரிய கம்பெனி கால் சென்டரில் உங்களுக்கு டிக்கெட் நம்பர்தான் கிடைக்கும். ஆனால் அந்த இருவரும் குலதெய்வம் கோயிலுக்குப் போய் சிக்னல் இல்லாமல் போனால் யார் எடுப்பார்கள்? அதே மாதிரி ஆள் லீவு எடுத்தால் மாற்று ஆள் வருகிறாரா, எத்தனை மணி நேரத்தில்? தீபாவளி வாரத்தில் அத்தனை பேரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்புவார்கள், அந்த வாரம் எப்படிச் சமாளித்தார்கள் என்று பழைய வாடிக்கையாளர் யாரையாவது கேளுங்கள், மற்ற 51 வாரமும் அதிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று: ஐந்து மாதத்தில் எத்தனை பேர் மாறினார்கள்? ஒருவர் இரண்டு பேர் என்றால் சரி. ஐந்து மாதம் ஐந்து பேர் என்றால் மற்ற எதையும் பார்க்கவே வேண்டாம். மறதி உள்ள அம்மாவுக்கு மாதத்துக்கு ஒரு புது முகம் என்பது மாதத்துக்கு ஒரு அந்நியர் பாத்ரூமுக்குள் வருவது. ஏன் மாறுகிறார்கள் என்பதற்குப் பாதி பதில் அந்த 27,000-த்தில் இருக்கிறது. அதில் அந்தப் பெண் கைக்கு எவ்வளவு போகிறது என்று நேராகக் கேளுங்கள், ஏஜென்சியையும் கேளுங்கள், அவரையும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நல்லது. வாரத்தில் ஒரு நாளாவது லீவு உண்டா? ராத்திரி மூன்று தடவை எழுகிறவர் பகலில் எப்போது தூங்குகிறார்? 24 மணி நேரமும் விழித்திருக்கும் மனுஷி கிடையாது, அப்படி ஒருவரைத் தருவதாகச் சொல்கிறவர் உங்களிடம் பொய் சொல்கிறார்.

கடைசியாகத்தான் அம்மா, ஆனால் அவருக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். அந்தப் பெண்ணைக் காய் வாங்க அனுப்பிவிட்டுப் பேசுங்கள். "நல்லா பாத்துக்கறாங்களாம்மா?" என்று கேட்காதீர்கள், "ஏதோ பாத்துக்கறா, பாவம்" என்பதுதான் பதிலாக வரும், நம் அம்மாக்களுக்குப் பிள்ளையைக் கவலைப்படுத்துவதைவிடப் பட்டினி கிடப்பது சுலபம். "நேத்து எத்தனை மணிக்குக் குளிச்சேம்மா? வெந்நீர் பதமா இருந்துதா? சாயந்திரம் யாரோட பேசிக்கிட்டிருந்தே? பாத்ரூம் போகணும்னு கூப்பிட்டா உடனே வர்றாளா?" இப்படிக் கேளுங்கள். மறதி இருந்தால் நேற்று நடந்தது மாறிப்போகலாம், ஆனால் அந்தப் பெண் திரும்பி வந்து அறைக்குள் நுழையும்போது அம்மா முகம் எப்படி ஆகிறது என்று கவனியுங்கள். மலர்கிறதா, சுருங்குகிறதா? அந்த முகத்தை நம்பலாம்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம், மூக்கு வழியாக ட்யூப், யூரின் பை இரண்டும் உண்டு. ஏஜென்சியில் "நர்ஸ்" என்றுதான் அனுப்பினார்கள், யூனிஃபார்மும் போட்டிருக்கிறார், ஆனால் பேச்சுக் கொடுத்தால் எங்கும் படித்த மாதிரி தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வெள்ளை கோட்டு மாட்டினவரெல்லாம் நர்ஸ் இல்லை. நர்ஸ் என்றால் பி.எஸ்சி. நர்சிங்கோ, ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமாவோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணையும் சான்றிதழையும் கேளுங்கள், உண்மையான நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமையாகக் காட்டுவார். மற்றவர்கள் அட்டெண்டர், அதாவது குளிப்பாட்ட, துடைக்க, திருப்பிப் படுக்க வைக்க, ஊட்ட உதவுகிறவர்கள். அதில் எந்தக் கேவலமும் இல்லை, பல வீடுகளுக்கு நல்ல அட்டெண்டர்தான் தேவை, நர்ஸ் சம்பளம் கொடுக்கத் தேவையே இல்லை. அட்டெண்டரை அனுப்பிவிட்டு நர்ஸுக்கு பில் போடுவதுதான் திருட்டுத்தனம்.

உங்கள் அப்பா விஷயத்தில் ட்யூப் போடுவது, மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம் நர்ஸ் அல்லது டாக்டர் வேலை. ட்யூப் வழியாக ஊற்றுவதைக் கற்றுக்கொடுத்தால் வீட்டு மனிதர்களே செய்யலாம், ஆனால் எப்படிச் செய்கிறார் என்று ஒரு வேளை கூடவே நின்று பாருங்கள். மூக்கருகே ட்யூபில் போட்டிருக்கும் குறி நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறாரா, தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைக்கிறாரா, ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்கிறாரா? அவசரத்தில் மல்லாக்கப் படுக்க வைத்தே ஊற்றுகிறவர் என்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். யூரின் பை எப்போதும் வயிற்று மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது, புரட்டும்போது பையைத் தூக்கிக் கட்டில் மேல் போடக் கூடாது. இதை ஐந்து நிமிடம் பார்த்தாலே யூனிஃபார்முக்குள் யார் இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: நான் ஏஜென்சி நடத்துகிறவள் சிஸ்டர். எட்டுப் பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள், பதினொரு வீடுகள். எப்போதும் குடும்பத்துக்காரர்கள் பக்கமே எழுதுகிறீர்கள். எங்கள் வேலை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது? கூகுளில் ஸ்டார் போடுகிறவர்கள் பாதிப் பேர் எங்கள் உறவினர்கள்தான், உண்மையைச் சொல்கிறேன்.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: இந்த மாதம் வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் இதுதான். ஸ்டார் விஷயத்தைச் சொன்னதற்கே உங்களுக்கு ஐந்து ஸ்டார்.

நான்கு விஷயத்தை மட்டும் எண்ணுங்கள், ஒரு டைரி போதும். மாதத்தில் உங்கள் வீடுகளில் எத்தனை பேர் விழுந்தார்கள், புதிதாகப் புண் எத்தனை பேருக்கு வந்தது, சொன்ன நேரத்துக்கு ஆள் போகாத நாள் எத்தனை, வேலையை விட்டுப் போன பெண்கள் எத்தனை. பதினொரு வீட்டுக்கு இந்த எண்கள் சின்னதாகத்தான் இருக்கும், ஒன்று, இரண்டு, பூஜ்யம். அதனால் சதவீதம் எல்லாம் போட்டு மயங்காதீர்கள். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று உட்கார்ந்து பேசுங்கள். தாத்தா விழுந்தது காலை ஐந்து மணிக்கா? அப்போது அந்தப் பெண் எங்கே இருந்தாள்? வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாளா? அது யார் சொன்ன வேலை?

விழுந்ததை உடனே போன் செய்து சொன்ன பெண்ணைத் திட்டினீர்கள், சம்பளம் பிடித்தீர்கள் என்றால் அடுத்த மாதம் உங்கள் டைரியில் பூஜ்யம் இருக்கும், ஆனால் விழுவது நிற்காது. மேலே சாக்ஸ் கதை எழுதியிருக்கிறேன் பாருங்கள், அது அப்படி நடத்தப்பட்ட ஏஜென்சிதான். விழாமல் தப்பித்ததையும் சொல்லச் சொல்லுங்கள், "இன்னிக்கு மாத்திரை மாத்திக் கொடுக்கப் பார்த்தேன் அக்கா, கடைசி நிமிஷத்துல கவனிச்சேன்" என்று ஒரு பெண் தைரியமாக உங்களிடம் சொல்கிறாள் என்றால் உங்கள் ஏஜென்சி நன்றாக இருக்கிறது என்று நான் எழுதித் தருகிறேன்.

புது வீட்டுக்கு ஆள் அனுப்பும் முன் நீங்களே ஒரு தடவை போய் அந்தப் பெரியவரிடம் பேசுங்கள், பிள்ளைகளிடம் அல்ல. மாதம் ஒரு முறை எல்லா வீட்டுக்கும் தலையைக் காட்டுங்கள். பதினொரு வீடு, முப்பது நாள், முடியாது என்று சொல்லாதீர்கள். முடியாத அளவுக்கு வீடு சேர்ந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடும்பத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, திருநெல்வேலி வாசகி கேட்காமலே சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் படுக்க இடம் எங்கே? சமையலறைத் தரையா? நீங்கள் சாப்பிடும் சாப்பாடுதானா, நேற்று மிஞ்சியதா? அட்டெண்டர் என்று வைத்துவிட்டு வீட்டுக்கே துணி துவைக்கச் சொல்கிறீர்களா? எந்த வேலை உண்டு, எது கிடையாது என்பதை ஒப்பந்தத்தில் தமிழில், அந்தப் பெண்ணும் படிக்கிற மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள் அம்மா, சண்டை குறையும்.

கேள்வி: 20,000 ரூபாய் டெபாசிட் வாங்கினார்கள். ஆள் சரியில்லை என்று நிறுத்திவிட்டோம், மூன்று மாதமாக டெபாசிட் திரும்பவில்லை. இனி வேறு ஏஜென்சி போக வேண்டும். என்ன செய்ய?
— வாசகர், தாம்பரம்

பதில்: ரசீது அல்லது வங்கிக் கணக்கு வழியாகப் பணம் அனுப்பிய ஆதாரம் இருக்கிறதா? இருந்தால் முதலில் எழுத்தில், பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில், இத்தனை நாளுக்குள் திருப்பித் தரவும் என்று ஒரு கடிதம் போடுங்கள். பாதிப் பேர் அதிலேயே தந்துவிடுவார்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த ஏஜென்சியிடம் டெபாசிட் எந்தச் சூழ்நிலையில் எத்தனை நாளில் திரும்பும் என்ற ஒரு வரியை எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள். வருகிற ஆளின் ஆதார் நகல் மட்டும் போதாது, காவல்துறை சரிபார்ப்புச் செய்தார்களா என்று கேளுங்கள், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அதற்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். "அதெல்லாம் நம்ம பொண்ணுங்க சார், நம்பி வைங்க" என்கிற இடத்தில் நான் வைக்க மாட்டேன். பணத்துக்கு மேலாக, பெரியவரை அடித்தார்கள், மிரட்டினார்கள் என்று ஏதாவது இருந்தால் முதியோர் உதவி எண் 14567-க்கு உடனே பேசுங்கள், அது இலவசம்.

கேள்வி: கேமரா வைக்கலாமா சிஸ்டர்? ஒரு வரியில் பதில் போதும்.
— வாசகி, சேலம்

பதில்: ஒரு வரியில் வராது. ஹாலில் வைக்கலாம், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வைக்க வேண்டும். குளிக்கிற இடம், துணி மாற்றுகிற இடம் கூடவே கூடாது. டயப்பர் மாற்றுகிற கட்டில் படுக்கையறையில்தானே இருக்கிறது, அதனால் அங்கேயும் யோசியுங்கள், அம்மாவுடைய மானம் உங்கள் போன் திரையில் ஓடிக்கொண்டிருக்க அவர் சம்மதித்தாரா? அவரைக் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. கேமரா வைத்த பல வீடுகளில் முதல் வாரம் மட்டும்தான் பார்க்கிறார்கள், அப்புறம் வைஃபை கட்டாகி மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. அதைவிட உங்கள் தெருவில் நம்பிக்கையான ஒருவரிடம் வீட்டுச் சாவி ஒன்று கொடுத்து, வாரத்தில் இரண்டு தடவை, நேரம் மாற்றி மாற்றி, "சும்மாதான் வந்தேன், ஒரு வாய் காபி கொடு" என்று உள்ளே போகச் சொல்லுங்கள்.